பள்ளம் தோண்டிப் பிறந்த முன்னறிவிப்பு

ஆல்ப்ஸ் மலையின் சறுக்குத் தலங்களில் குளிர்காலம் முழுக்க இரண்டு விதமான அறிக்கைகள் வரும். நேற்றிரவு எத்தனை சென்டிமீட்டர் புதுப்பனி விழுந்தது, எந்தெந்தச் சறுக்குப் பாதைகள் திறந்திருக்கின்றன என்று தலத்தை நடத்துகிறவர்கள் சொல்வது ஒன்று. எந்த மலைச்சரிவில் ஆள் இறங்கினால் பனி மொத்தமாகப் பெயர்ந்து வரும் என்று அரசு நிறுவனம் சொல்வது மற்றொன்று.

முதலாவது பாதி வியாபாரம். அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் ஜோனதன் ஜின்மனும் எரிக் ஜிட்ஸெவிட்ஸும் வட அமெரிக்கச் சறுக்குத் தலங்கள் வெளியிட்ட கணக்குகளை எடுத்து ஆராய்ந்தார்கள். மற்ற நாட்களைவிட வார இறுதிகளில் அதிகப் புதுப்பனி விழுந்ததாகக் கணக்கு காட்டியது! வானத்துக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. டிக்கெட் விற்கிறவருக்குத் தெரியும். சறுக்க வந்தவர்கள் கைபேசியிலேயே உண்மை நிலையை எழுதத் தொடங்கிய பிறகு அந்த மிகைப்படுத்தல் குறைந்ததாம்.

இரண்டாவது அறிக்கைக்குத்தான் சொல்லத்தக்க ஒரு பிறந்த கதை இருக்கிறது. அது சுவிட்சர்லாந்தில் நடந்த கதை.

பனிச்சரிவு அந்த நாட்டு மலைவாசிகளுக்குப் புதிதல்ல. ஆந்தர்மாட் ஊருக்கு மேலே இருந்த காட்டில் மரம் வெட்டக் கூடாது என்று 1397-லேயே தடை எழுதி வைத்தார்கள். அந்த மரங்கள்தான் பனியைப் பிடித்து நிறுத்தி ஊரைக் காத்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யோஹன் கோவாட்ஸ் என்ற வன அதிகாரி, பெர்னினா சிகரத்தில் முதன்முதலாக ஏறியவர், நாட்டின் பனிச்சரிவுகளை முறையாகப் பதிவு செய்யத் தொடங்கி 1881-ல் அவற்றைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். இத்தனை அனுபவத்திலும் ஒரு குறை இருந்தது. பனிச்சரிவு எங்கே வரும் என்று தெரியும். எப்போது வரும் என்று தெரியாது.

ஊரோடு இருக்கிறவர்களுக்கு அந்த அறிவு ஓரளவு போதும். ஆபத்தான இடத்தில் வீடு கட்டாமல் இருந்துவிடலாம். ஆனால் பனிச்சறுக்கு வந்ததும் கதை மாறியது. ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயல் 1894-ல் உள்ளூர்ச் சகோதரர்கள் இருவரோடு தாவோஸிலிருந்து அரோஸாவுக்கு மலைக் கணவாய் வழியே சறுக்கிப் போனபோது அது ஒரு விநோத சாகசம். நாற்பது ஆண்டுகளுக்குள் அது ஒரு தொழிலாகிவிட்டது. 1932-ல் தாவோஸிலிருந்து வைஸ்ஃப்ளூயோக் வரை, 2,660 மீட்டர் உயரத்துக்கு, மலை ரயில் ஓடத் தொடங்கியது. அதுவரை பனிச்சரிவு மனிதனைத் தேடி வந்தது. இப்போது மனிதன் டிக்கெட் வாங்கிக்கொண்டு அதைத் தேடிப் போனான்.

ரயில்பாதை, மலைச்சாலை, மின்நிலையம் என்று மற்றக் கவலைகளும் சேர, 1931-ல் சுவிஸ் அரசு ஒரு பனிச்சரிவு ஆணையத்தை அமைத்தது. 1930-களின் நடுவில் தாவோஸில் ஆராய்ச்சி தொடங்கியது. சீக்கிரமே ஆராய்ச்சியாளர்கள் அதே மலை ரயிலில் கருவிகளை ஏற்றிக்கொண்டு வைஸ்ஃப்ளூயோக்குக்குக் குடிபெயர்ந்தார்கள். சறுக்க வந்தவர்களுக்காகப் போட்ட தண்டவாளம்தான் அறிவியலையும் மேலே கொண்டுபோனது.

அந்தக் குழுவில் வானிலைக்காரர்கள் மட்டும் இல்லை என்பதுதான் இந்தக் கதையின் திருப்பம் என்பேன். அதை வழிநடத்திய பவுல் நிக்லி, சூரிச்சில் கனிமவியல் பேராசிரியர். ஹென்றி பாடர் படிகங்களை ஆராய்ந்தவர். ராபர்ட் ஹேஃபெலி மண் பொறியாளர். கட்டுமானத்துக்கு அடியில் மண் எப்படி அழுந்தும், எப்போது நழுவும் என்று கணக்குப் போடுகிறவர். இவர்கள் வானத்தை அண்ணாந்து பார்க்கவில்லை. பனியில் தரை தெரியும்வரை பள்ளம் தோண்டி, அதன் சுவரைப் படித்தார்கள்.

அந்தச் சுவரில் குளிர்காலம் முழுவதும் அடுக்கடுக்காக இருக்கும். அதில் மிகவும் மோசமானது பெரும்பாலும் அடியில் கிடப்பது. நவம்பர், டிசம்பரில் பனி மெல்லியதாக விழுகிறது. கீழே தரை ஏறக்குறைய பூஜ்ய டிகிரியில் இருக்கிறது. மேகமில்லாத இரவுகளில் பனியின் மேற்பரப்பு மைனஸ் இருபதுக்கும் போய்விடும். நடுவில் இருப்பதோ சில சாண் பனி. அந்த வெப்ப வித்தியாசத்தால் அடிப்பனியிலிருந்து நீராவி மேல்நோக்கி நகர்ந்து குளிர்ந்த மணிகளில் படிகிறது. சில வாரங்களில் பஞ்சாக விழுந்த பனி, கோப்பை வடிவத்தில் பருத்த படிகங்களாக மாறிவிடும். ஒன்றோடொன்று ஒட்டாது, கையில் அள்ளினால் சீனி போலச் சரியும். ஜனவரியில் அதன்மேல் ஒரு மீட்டர் புதுப்பனி கனத்து இறங்கி, காற்று அதைப் பலகையாக இறுக்கிவிட்டால், பொறி தயார். அதன்மேல் ஒருவர் சறுக்கிப் போனாலே போதும்: அடியில் அந்த அடுக்கு நொறுங்கி, விரிசல் நொடியில் சரிவு முழுக்க ஓடி, பலகை மொத்தமும் கழன்றுவிடும்.

இதிலிருந்து ஒரு தலைகீழ்ப் பாடம் கிடைக்கிறது. தொடக்கத்திலேயே பனி தாராளமாக விழுந்த ஆண்டைவிட, கஞ்சத்தனமாக விழுந்த ஆண்டு பெரும்பாலும் அதிகச் சூது நிறைந்தது. சறுக்க வருகிறவருக்கு மேலே இருக்கும் பனி மட்டுமே கண்ணில் படும்.

ஒவ்வொரு இடத்திலும் பள்ளம் தோண்டிக்கொண்டிருக்க முடியாது. அதற்கு ஹேஃபெலி ஒரு கருவி செய்தார். கூம்பு முனை வைத்த குழாயைப் பனியில் நிறுத்தி, எடைக்கல்லைத் தூக்கிப் போட்டு, ஓர் அடிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று குறிப்பது. கெட்டியான அடுக்கில் குழாய் அசையாது. அந்தச் சீனி அடுக்கில் சட்டென்று அமிழும். குறித்ததைத் தாளில் வரைந்தால் பனியின் பலமும் பலவீனமும் தெரிந்துவிடும். 1939-ல் இந்தக் குழுவின் ஆய்வுகள் பனியையும் அதன் உருமாற்றத்தையும் பற்றிய ஒரு நூலாக வெளிவந்தன. பாடர் பின்னாளில் அமெரிக்கா போய், கிரீன்லாந்துப் பனிப்பாறையை ஆழமாகத் துளைத்துப் பழைய பருவநிலையைப் படிக்கும் முயற்சிக்கு முன்னோடியானார். அதுவும் பள்ளம் தோண்டுவதுதான், கொஞ்சம் பெரிய அளவில்.

இவ்வளவு ஆன பிறகும் பொதுமக்களுக்கு அறிக்கை வரவில்லை. அதற்கு ஒரு போர் தேவைப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் சுவிஸ் ராணுவம் மலைகளில் காவலுக்கு நின்றது. வீரர்களைக் காக்க ராணுவம் தனியாக ஒரு பனிச்சரிவு எச்சரிக்கைப் பிரிவை நடத்தியது. 1942-ல் பனி, பனிச்சரிவு ஆராய்ச்சிக்கான தேசிய நிறுவனம் முறைப்படி பிறந்தது. போர் முடிந்த 1945-ல் ராணுவம் எச்சரிக்கைப் பணியை அதன் கையில் ஒப்படைத்தது. அந்தக் குளிர்காலத்திலிருந்து வானொலியிலும் செய்தித்தாளிலும் பனிச்சரிவு அறிக்கை வரத் தொடங்கியது. ஆரம்பத்தில் வாரத்துக்கு ஒருமுறைதான்.

பிறந்த குழந்தைக்கு ஆறு வயது ஆவதற்குள் பெரிய சோதனை வந்தது. 1950-51 குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தில் மட்டும் 98 பேர் பனிச்சரிவில் இறந்தார்கள். வால்ஸ் கிராமத்தில் 19 பேர். எச்சரிக்கை மட்டும் போதாது என்று புரிந்தது. பனி கிளம்பும் உச்சிகளில் தடுப்பு வேலிகள் வரிசையாக எழுந்தன. எங்கே வீடு கட்டலாம், எங்கே கூடாது என்று வரைபடம் போட்டார்கள். 1999 பிப்ரவரியில் அதே அளவு கொடூரமான பனி, சில வாரங்களில் ஐந்து மீட்டருக்கு மேல், கொட்டியபோது சுவிட்சர்லாந்தில் இறந்தவர்கள் 17 பேர். ஆனால் எல்லைக்கு அப்பால் ஆஸ்திரியாவின் கால்டூர் பகுதியில் 38 பேர் மாண்டார்கள். பாதுகாப்பானது என்று வரைபடம் சொன்ன இடத்துக்குள்ளும் பனி புகுந்திருந்தது. இந்தக் கணக்கைப் பார்த்து யாரும் மார்தட்டிக்கொள்ள முடியாது.

நடுவில் 1993-ல் ஐரோப்பிய நாடுகள் ஒன்று கூடி, ஆளுக்கொரு அளவுகோலை விட்டுவிட்டு, 1 முதல் 5 வரை ஒரே அளவுகோலுக்கு வந்தன. இன்று குளிர்காலத்தில் சுவிஸ் அறிக்கை தினமும் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் நான்கு மொழிகளில் வருகிறது. தானியங்கி நிலையங்கள் இருக்கின்றன, கணினி மாதிரிகள் இருக்கின்றன. இருந்தாலும் மலையில் பள்ளம் தோண்டிப் பார்த்துச் சொல்லும் மனிதர்களை அந்த நிறுவனம் இன்னும் கைவிடவில்லை.

இந்தியாவுக்கும் இந்தக் கலை வந்திருக்கிறது. 1969-ல் மணாலியில் பாதுகாப்புத் துறை இதற்கென ஓர் ஆய்வு அமைப்பைத் தொடங்கியது. இருந்தும், சியாச்சினில் 2016 பிப்ரவரியில் பனியில் புதைந்து இறந்த மெட்ராஸ் ரெஜிமென்ட் அணியின் பத்துப் பேரில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள் என்பதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

குல்மார்க்குக்கோ சுவிட்சர்லாந்துக்கோ சறுக்கப் போகிற தமிழர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். அவர்களுக்கு ஒன்று. ஐந்தில் 3 என்றால் நடுத்தரம் என்று நினைக்காதீர்கள். சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவுச் சாவுகளில் ஏறத்தாழ பாதி, 3 என்று அறிவித்த நாட்களில்தான் நடக்கிறது. 4, 5 என்றால் ஜனங்கள் பயந்து வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மேல் விழுந்தது அவர்களோ கூட வந்தவர்களோ கிளப்பிவிட்ட பனி. ஆகவே 3 என்று கண்டால் கம்பம் நட்ட பாதையை விட்டு இறங்காதீர்கள், புதுப்பனி எவ்வளவு ஆசை காட்டினாலும்.