திருகு பைல்
திருகு பைல் என்பது, எஃகுத் தண்டில் திருகுச்சுருள் வடிவத் தகடுகளைப் பற்றவைத்து, முறுக்கியே நிலத்தில் இறக்கப்படும் ஆழ அடித்தள உறுப்பு. கட்டடத்தின் எடையைத் தாங்கினால் பைல். இழுவிசையைத் தாங்கினால் நில நங்கூரம். தண்டு சதுரக் கம்பியாகவோ குழாயாகவோ இருக்கும். தகடு ஒரு சுற்றில் இறங்கும் தூரம் புரியிடை எனப்படும். மண் அள்ளவோ, கான்கிரீட் இறுகக் காத்திருக்கவோ தேவையில்லை. இறக்கும்போது அளக்கப்படும் முறுக்குவிசையிலிருந்தே தாங்குதிறனை மதிப்பிடலாம் என்பது இதன் தனிச்சிறப்பு. பார்வையிழந்த அயர்லாந்துப் பொறியாளர் அலெக்சாண்டர் மிட்செல் 1833இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். தேம்ஸ் முகத்துவாரத்தின் மேப்ளின் மணல்திட்டில் 1838இல் திருகு பைல்கள் இறக்கப்பட்டன. அவற்றின்மீது எழுந்த கலங்கரை விளக்கம் 1841இல் ஒளிரத் தொடங்கியது. பாறாங்கற்கள் நிறைந்த நிலத்துக்குத் திருகு பைல் ஒவ்வாது.