கடல்கட்டியும் ஒரு பொய் அலாரமும்

1797 மார்ச், ஏப்ரல் மாதங்களில் மன்னார் வளைகுடாவின் இலங்கைக் கரையில், கொண்டச்சி என்ற இடத்தில் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது. அதுக்கு முந்தின வருஷம்தான் இலங்கையின் கரையோரப் பகுதிகள் டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்தன. ஹென்றி லெபெக் என்பவர் அங்கே இருந்து பார்த்ததையெல்லாம் எழுதி வைத்தார். கல்கத்தா ஏசியாடிக் சொசைட்டியின் ஆய்விதழ், 5ஆம் தொகுதியில் அது இருக்கு.

அதுல போகிற போக்கில் ஒரு சம்பவம் வருது. கடலடியில் இருந்த ஒரு குளியாளி, சுத்தியல் வடிவச் சிப்பி ஒன்றை மிதிச்சுடுறார். காலில் காயம். சுறாதான் கடிச்சிடுச்சுன்னு நினைச்சு, வழக்கமான எச்சரிக்கையைக் கொடுக்கிறார். நிறையப் படகுகள் வேலையை விட்டுவிட்டுக் கரைக்குத் திரும்பிவிட்டன. அப்புறம் உண்மை தெரிஞ்சதும் அந்த ஆளைத் தண்டிச்சாங்க.

அவ்வளவுதான், லெபெக் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். எனக்குத்தான் அதைத் தாண்டிப் போக முடியல. திருமுல்லைவாயிலில் உட்கார்ந்துகொண்டு சுறாவைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதின்னு கேட்கலாம். பக்கத்துக் கடலுக்கே 20 கிலோமீட்டருக்கு மேல் போகணும். ஆனா நள்ளிரவில் அலாரம் அடிச்சா எழுந்து சர்வரைப் பார்க்கிற வேலையில் இருப்பவன் நான். பொய் அலாரம் கொடுத்தவனை என்ன செய்யணும் என்பது எங்க தொழிலின் பழைய கேள்வி. அதனால இந்தக் குளியாளியை விட மனசு வரல.

முதல்ல அந்த வேலை எப்படி நடந்ததுன்னு பார்த்துடலாம். தரைக்காற்று வீசும் இரவில் படகுகள் கிளம்பும். விடியும்போது முத்துச் சிப்பி கிடக்கும் 'பார்' மேல் நிற்கும். மத்தியானம் கடல்காற்று எழும்பியதும் கரை திரும்பும். ஒரு படகில் பத்துப் பேர் குளிப்பவர்கள் என்றால், ஐந்து பேர் கீழே இருக்கும்போது மற்ற ஐந்து பேர் மேலே இளைப்பாறுவார்கள். காலில் கல்லைக் கோத்துக்கொண்டு சரசரவென்று இறங்கி, ஒரு நிமிஷம் போல மூச்சடக்கிச் சிப்பியைப் பொறுக்கிக் கூடையில் போடணும். கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் இழுப்பார். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று நம்ம பக்கம் சொல்வது வழக்கம். தங்கச்சி தாலியைக் காப்பாத்தவாவது ஒழுங்கா இழுப்பான் இல்லையா!

இவ்வளவு ஏற்பாட்டுக்கும் மேல் ஒரு ஆள் வேண்டியிருந்தது. அவர்தான் கடல்கட்டி. பாம்புக்கு 'வாய்க்கட்டு' போடுவதாகச் சொல்கிறோமே, அதே மாதிரி சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவர். சிலர் படகோடு போவார்கள், சிலர் கரையிலிருந்தே ஓதிக்கொண்டிருப்பார்கள்.

இது ரொம்பப் பழைய உத்தியோகம். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, மீன்களை மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு போனதாக எழுதுகிறார். அரசனுக்கே பத்தில் ஒரு பங்குதான். அவர் சொல்லும் இன்னொரு தகவல் அதைவிட சுவாரசியம்: மந்திரம் பகலுக்கு மட்டும்தான் செல்லும், ராத்திரி கட்டை அவிழ்த்துவிடுவார்கள். அதாவது ராத்திரியில் யாராவது திருட்டுத்தனமா முத்துக் குளிக்கப் போனால் சுறா பார்த்துக்கொள்ளும். பாதுகாப்பும் காவலும் ஒரே சம்பளத்தில்!

போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஆட்சிகள் மாறின, கடல்கட்டி மட்டும் இருந்தார். 1803இல் புத்தகம் போட்ட ராபர்ட் பெர்சிவல் இவர்களை நல்லாவே கிண்டல் செய்கிறார். சாப்பிடாமல் குடிக்காமல் ஓத வேண்டியவர்கள், சில நாள் கள்ளைப் போட்டுவிட்டு நிற்க முடியாமல் இருப்பார்களாம். லெபெக்கிடம் ஒரு கதை இருக்கு. ஒருமுறை ஒரு குளியாளியின் காலைச் சுறா கவ்விவிட, தலைமைக் கடல்கட்டியைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்களாம். தன்மேல் பகை கொண்ட ஒரு சூனியக்காரக் கிழவி மலையாளக் கரையிலிருந்து வந்து எதிர்மந்திரம் போட்டுவிட்டாள் என்றாராம் அவர். (எங்க ஆபீஸ்ல இதுக்குப் பேரு 'மூன்றாம் தரப்புக் கோளாறு'.)

1859இல் வெளியான எமர்சன் டென்னன்ட்டின் இலங்கைப் புத்தகத்திலும் இவர் வருகிறார். அப்போது குடும்பத் தலைவராக இருந்த கடல்கட்டி ஒரு கத்தோலிக்கர். மதம் எதுவானாலும் மந்திரம் வேலை செய்யும் என்பது நம்பிக்கை. டென்னன்ட் போன அன்றைக்கு அவருக்கு உடம்பு சரியில்லை, பதிலுக்கு வேறொருவரை அனுப்பியிருந்தார். தனக்கு அந்த ரகசியம் தெரியாது, ஆனாலும் அவருடைய பிரதிநிதி என்பதற்காகவே சுறாக்கள் மரியாதை கொடுக்கும் என்று அந்தப் பதிலாள் சொல்லியிருக்கிறார்.

படிக்கும்போது சிரிப்பு வரும். ஆனா மந்திரத்தை நம்பாத வெள்ளைக்கார அதிகாரிகள் ஏன் இவரை விடாமல் வைத்திருந்தார்கள்? கணக்கு எளிது. கடல்கட்டி இல்லாவிட்டால் குளியாளிகள் தண்ணீரில் இறங்க மாட்டார்கள், இறங்காவிட்டால் வருமானம் இல்லை. டென்னன்ட், ஆபத்து அபூர்வமாக இருந்ததுக்கு வேறு காரணம் சொல்கிறார். அத்தனை படகுகள், அத்தனை பேர் ஓயாமல் குதிக்கும் சத்தம், அதிலேயே சுறா மிரண்டு ஒதுங்கிவிடும் என்கிறார். சரியாகக்கூட இருக்கலாம். அப்படின்னா கடல்கட்டி கட்டினது சுறாவின் வாயை இல்லை, மனுஷனின் பயத்தை. கூட்டம் தண்ணீரில் இறங்கியது அவரால், கூட்டம் இறங்கியதால் சுறா ஒதுங்கியது. சுற்றி வளைத்துப் பார்த்தால் மந்திரம் பலித்ததாகவே ஆகிறது!

ஆனா என் பார்வையில் அந்த ஏற்பாட்டின் உண்மையான பாதுகாப்புக் கருவி மந்திரம் இல்லை, அந்தக் கூச்சல்தான். சுறாவைப் பார்த்த குளியாளி பெருங்கூச்சல் போடுவார், உடனே படகுகள் எல்லாம் கரைக்குத் திரும்பும். விலங்கைக் கொல்லவில்லை, விரட்டவில்லை. அன்றைக்கு மட்டும் கடலை அதனிடம் விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். அந்தக் கூச்சலை எழுப்பும் உரிமை அதிகாரிக்கோ கடல்கட்டிக்கோ இல்லாமல், கீழே இருக்கும் கடைசி ஆளிடம் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் வேறு எந்தத் தொழிலில் ஒரு கூலிக்காரன் கத்தினால் மொத்த வேலையும் நின்றிருக்கும்?

அங்கேதான் அரசு கை வைத்தது. பொய் எச்சரிக்கைகளை விசாரித்துத் தண்டித்ததாகப் பெர்சிவலும் சொல்கிறார். ஒருநாள் குளிப்பு நின்றால் நஷ்டம் பெரிசு, வேலை செய்யப் பிடிக்காமல் வேண்டுமென்றே கத்தியவர்களும் இருந்திருப்பார்கள் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனா காலில் ரத்தம் வழிய, மூச்சு முட்ட, கலங்கிய தண்ணீரில் இருப்பவன் கடித்தது சிப்பியா சுறாவா என்று ஆராய்ந்துவிட்டா கத்துவான்? அவனைத் தண்டித்தால் அடுத்தவன் நிச்சயமாகத் தெரியும் வரை காத்திருப்பான். நிச்சயமாகத் தெரியும்போது கால் இருக்காது. மந்திரம் பொய்த்த கடல்கட்டி ஒரு கிழவியைக் கைகாட்டிவிட்டு வேலையில் தொடர்ந்தார். சிப்பி குத்திய கூலியாளுக்குக் கைகாட்ட யாரும் இல்லை.

பிற்காலத்தில் உலகம் பெரும்பாலும் வேறு பாதையில் போனது. 1916 ஜூலையில் அமெரிக்காவின் நியூஜெர்சி கரையில் 12 நாட்களுக்குள் நாலு பேர் சுறா கடித்து இறந்தார்கள், உடனே பெரிய சுறா வேட்டை தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1937 முதல் கடற்கரைகளில் வலை போடுகிறார்கள். அந்த வலையில் ஆமையும் டால்பினும்கூட மாட்டிச் சாகின்றன. 2014இல் மேற்கு ஆஸ்திரேலியா, இரை மாட்டிய பெரிய தூண்டில்களைக் கடலில் போட்டது. அச்சமூட்டியது வெள்ளைச் சுறா. மாட்டிய 170க்கு மேற்பட்ட சுறாக்களில் ஒன்றுகூட வெள்ளைச் சுறா இல்லை, பெரும்பாலும் புலிச் சுறாக்கள். இதைக் கடல்கட்டியின் மந்திரத்தைவிட அறிவியல்பூர்வமானது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மந்திரத்தில் சுறாவாவது பிழைத்தது.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 2004இல் தொடங்கிய முறைதான் கொண்டச்சிக் கூச்சலுக்கு நெருக்கமானது. கடற்கரையை ஒட்டிய மலையில் ஒருவர் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். சுறா தெரிந்தால் சைரன், சுறா படம் போட்ட வெள்ளைக் கொடி. எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். அங்கே எனக்கு ரொம்பப் பிடித்தது கருப்புக் கொடி. தண்ணீர் கலங்கலா இருக்கு, சுறா இருக்கா இல்லையான்னு எங்களால் பார்க்க முடியல என்று அர்த்தம். எந்தக் கடல்கட்டியும் இப்படி ஒரு கொடியைத் தூக்கியிருக்க முடியாது, பிழைப்பு போயிருக்கும்.

நம்ம கரைக்கு இதெல்லாம் தேவையா? உலகம் முழுக்கவே சீண்டாமல் சுறா கடிப்பது வருஷத்துக்கு 60, 70 வாக்கில்தான் பதிவாகிறது, சாவு பெரும்பாலும் ஒற்றை இலக்கம். மெரினாவில் நம்மாட்களைக் கொண்டுபோவது சுறா இல்லை, அலையும் நீரோட்டமும்தான். ஆனா அறவே இல்லைன்னும் சொல்ல முடியாது. 2024 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் வைதரணா ஆற்றில் ஒருவரைச் சுறா கடித்தது. ஆமாம், ஆற்றில்தான். காளைச் சுறா நன்னீரிலும் ஏறி வரும்.

அப்படி நடந்தால் செய்ய வேண்டியது: சுறா கடித்தவர்கள் பெரும்பாலும் ரத்தம் போயே சாகிறார்கள், அதனால் தண்ணீரைவிட்டு வெளியே கொண்டுவந்த உடனே காயத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். கையோ காலோ ஆனால் காயத்துக்கு மேலே துண்டு, பெல்ட், சர்ஃபிங் பலகையின் கயிறு என்று கிடைத்ததைக் கொண்டு ரத்தம் நிற்கும்வரை இறுக்கிக் கட்டணும். ஆம்புலன்ஸ் வருவதற்குள், பக்கத்தில் நிற்பவர் செய்ய வேண்டிய வேலை அது. கட்டின நேரத்தையும் குறித்து வைத்து டாக்டரிடம் சொல்லணும்.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. சங்கு குளிப்பவர்கள் இன்னமும் இறங்குகிறார்கள். அடுத்த முறை தூத்துக்குடி போகும்போது அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: இப்போ கீழே ஒருத்தர் பயந்துபோய் மேலே வந்து, ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சா, அன்றைய கூலியை யார் கொடுக்கிறார்கள்?