பொட்டலத்தில் வந்த மை

காய்ந்திருக்கும்போது அது ஊதாவே இல்லை. மெத்தில் வயலட் என்னும் சாயத்தின் படிகங்களை வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்த்தால் பொன்வண்டின் முதுகு போலப் பச்சையாக மினுங்கும். அதில் ஒரு துணுக்கு ஈர விரலில் பட்டால் போதும். விரல், நகக்கண், சட்டை நுனி, துடைக்கப் போன துண்டு எல்லாம் ஊதாவாகிவிடும். அரைப் புட்டித் தண்ணீரில் ஒரு சிட்டிகை தூவினால், அது அடியில் போய்ச் சேர்வதற்குள் வழியெல்லாம் நூல் நூலாக நிறத்தை இழுத்துக்கொண்டே இறங்கும். புட்டி மை வாங்க வசதியில்லாத வீடுகளில் ஒரு தலைமுறை முழுக்க எழுதியது இப்படிக் கரைத்த மையில்தான்.

மையைப் பொடியாக விற்பது பவுண்டன் பேனாவுக்கும் முந்திய வழக்கம். ஒரு புட்டி மையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். தண்ணீரைக் கண்ணாடியில் அடைத்து வண்டியிலும் கப்பலிலும் ஏற்றினால் கூலி கூடும், புட்டியும் உடையும். பொடியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டால் தண்ணீரை வாங்குகிறவரே ஊற்றிக்கொள்வார். அமெரிக்காவின் மேற்குக் கரையைத் தேடிப் புறப்படுவதற்கு முன் மெரிவெதர் லூயிஸ் 1803இல் எழுதிய சாமான் பட்டியலில் 6 பொட்டலம் மைப்பொடி இருந்தது. முதல் உலகப் போரின்போது பார்க்கர் கம்பெனி சிப்பாய்களுக்கென்று செய்த பேனாவில், அடிமூடிக்குள் மை வில்லைகள் இருந்தன. பதுங்குகுழியில் மைப்புட்டி வைத்துக்கொள்ள முடியாது. வில்லையைத் தண்ணீரில் கரைத்து வீட்டுக்குக் கடிதம் எழுதலாம்.

இந்தியாவில் மைப்பொடிக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வீட்டிலேயே மை செய்யத் தெரிந்திருந்த ஒரு சமூகத்தை, கடையில் மை வாங்கும் சமூகமாக மாற்றிய இடைப்படி அது. அந்தக் கதைக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தமிழில் கண்ணுக்குத் தீட்டுவதும் மை, எழுதுவதும் மை. இரண்டுக்கும் மூலம் புகைக்கரிதான் என்பதால் சொல்லும் ஒன்றாகவே நின்றுவிட்டது. ஓலையில் எழுத்தாணியால் கீறும்போது மை தேவைப்படவில்லை. எழுதி முடித்த பிறகு கரியையும் மஞ்சளையும் இலைச்சாற்றையும் பூசித் துடைத்தால், கீறலுக்குள் நின்றது மட்டும் எழுத்தாகத் தெரியும். காகிதம் பரவிய பிறகுதான் தொட்டு எழுதும் மை அன்றாடத் தேவையாயிற்று. அதற்கான சரக்கு நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைத்தது: கடுக்காய் அல்லது மாசிக்காய், அன்னபேதி, வேலம்பிசின். கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதியில் உள்ள இரும்பும் சேர்ந்தால் கறுப்பு வரும். காளஹஸ்தியில் கலம்காரி வரைகிறவர்கள் இன்றும் இதைத்தான் செய்கிறார்கள். கடுக்காய் கலந்த பாலில் நனைத்துக் காயவைத்த துணியில், வெல்லத்தோடு புளிக்கவைத்த இரும்புச் சாற்றால் கோடு இழுத்தால் அது கறுத்துப் பிடித்துக்கொள்ளும்.

வீட்டு மை எப்படித் தயாரானது என்பதை நுணுக்கமாக எழுதி வைத்தவர் ஸ்ரீபாந்த என்ற பெயரில் எழுதிய வங்க எழுத்தாளர் நிகில் சர்க்கார். மைமன்சிங் பக்கத்துக் கிராமத்தில் கழிந்த பிள்ளைப் பருவத்தைப் பற்றிய கட்டுரையில் அந்தச் செய்முறையைச் சொல்கிறார். விறகடுப்பில் ஏறிய சட்டியின் அடிக்கரியைச் சுரை இலையால் தேய்த்து எடுப்பார்கள். அதைக் கல்சட்டியில் தண்ணீர் விட்டுக் கரைப்பார்கள். விவரம் தெரிந்த பிள்ளைகள் அதில் கடுக்காயை உரைப்பார்கள். சில நாள் அம்மா அரிசியைக் கருக வறுத்து அரைத்துச் சேர்ப்பாள். கடைசியில் அடுப்புக் கரண்டியைச் செக்கச்செவேலென்று பழுக்கக் காய்ச்சி அதற்குள் செருகுவார்கள். கொஞ்சத் தண்ணீர் என்பதால் சுரீரென்று கொதித்து அடங்கும். பிறகு துணியில் வடிகட்டினால் மை. மூங்கில் குச்சியைச் சீவிய பேனாவால் வாழை இலைத் துண்டில் வீட்டுப்பாடம் எழுதுவார்கள். வாத்தியார் பார்த்துக் கொடுத்ததும் இலையைக் குளத்தில் போட்டுவிட வேண்டும். எழுத்தை மாடு தின்றுவிட்டால் பாவம் என்று நம்பினார்கள்.

கடுக்காய்ச் சாற்றுக்குள் பழுத்த இரும்பு இறங்கும் அந்த இடம் கவனிக்கத்தக்கது. அடுப்படியில் நின்ற அந்தத் தாய்க்கு வேதியியல் சொல்லிக் கொடுத்தவர் யாருமில்லை. ஆனால் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் சாசனங்களும் பதிவேடுகளும் எழுதிய மையின் அடிப்படையும் அதே துவர்ப்பும் இரும்பும்தான்.

இந்தத் தேர்ச்சியைப் பயனற்றதாக்கியது பவுண்டன் பேனா. குச்சியும் கட்டைப்பேனாவும் எதையும் தாங்கும். அடைத்தால் துடைத்துவிட்டு மறுபடி தொட்டுக்கொள்ளலாம். லூயிஸ் வாட்டர்மேன் 1884இல் காப்புரிமை பெற்ற பேனாவின் வம்சம் அப்படியல்ல. நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்கில் மயிரிழை போன்ற கால்வாய்கள் வெட்டியிருக்கும். மை கீழே இறங்குவதும், அதற்கு ஈடாகக் காற்று மேலே ஏறுவதும் அந்தக் கால்வாய்கள் வழியாகத்தான். கரி தண்ணீரில் கரைவதில்லை, மிதக்கிறது. ஆகவே கரி மை அந்தத் தொண்டையை அடைத்துவிடும். கடுக்காய் மை காற்றுப் பட்டால் கசடு கட்டும். அதில் உள்ள அமிலம் எஃகு நிப்பை அரிக்கும். முழுக்கக் கரைந்து வண்டலே இல்லாமல் நிற்கிற ஒரு பொருள் இந்தப் பேனாவுக்குத் தேவைப்பட்டது.

அது ஏற்கெனவே பிறந்திருந்தது. மலேரியாவுக்கான கொயினாவை ஆய்வுக்கூடத்தில் செய்யப் பார்த்த வில்லியம் பெர்க்கின் என்ற 18 வயது இளைஞனுக்கு 1856இல் லண்டனில் கிடைத்தது மருந்தல்ல, ஊதாச் சாயம். அடுத்த சில ஆண்டுகளில் மெஜந்தா, மெத்தில் வயலட் என்று வரிசையாகச் செயற்கைச் சாயங்கள் வந்தன. துணிக்கென்று வந்தவை மைக்கும் பொருந்தின. நாள்முழுக்க ஊறவைத்து உரைத்துக் காய்ச்சிய வேலை, பொட்டலத்தைப் பிரித்துக் கரைக்கும் வேலையாகச் சுருங்கியது.

1931இல் பம்பாயில் தி. ப. தாண்டேகரும் அவருடைய அண்ணனும் தொடங்கிய தாண்டேகர் கம்பெனி முதலில் விற்றது புட்டி மை அல்ல. குதிரை மார்க் மைப்பொடியும் மை வில்லையும். பின்னால் பவுண்டன் பேனாவுக்கென்று ஒட்டகப் பெயரில் கேமல் மை வந்தது. கேமலும் இங்க்கும் சேர்ந்து கேம்லின் ஆயிற்று. ஜாமெட்ரி பாக்ஸ் வழியாகத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எல்லாரும் அறிந்த அந்தப் பெயரின் அடியில் இருப்பது ஒரு மைப்பொட்டலம். குறைந்த முதலோடு தொழிலுக்கு வருகிறவருக்குப் பொடி ஏற்ற சரக்கு. புட்டி வேண்டாம், மூடி வேண்டாம், உடைசல் நட்டம் இல்லை. தராசும் காகிதமும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

அந்த ஆண்டுகளின் காற்றும் சாதகமாக வீசியது. சுதேசி என்று முடிவெடுத்தவர்களுக்குக் கதர் கிடைத்தது. ஆனால் அயல்நாட்டு மையில்தான் எழுத வேண்டியிருந்தது. 1934இல் ராஜ்சாஹியில் மைத்ரா சகோதரர்கள் சுலேகா மையைத் தொடங்கினார்கள். ராஜமுந்திரியில் கே. வி. ரத்னம் செய்த பேனாவைக் காந்தி 1935இல் பாராட்டி எழுதினார். ஆனாலும் ஒரு சங்கடம் உண்டு. இங்கே செயற்கைச் சாயத் தொழில் அப்போது வேரூன்றியிருக்கவில்லை. சாயம் செய்யும் அதுல் நிறுவனம் தொடங்கியதே 1947இல்தான். சாயம் பெரும்பாலும் கப்பலில் வந்தது. சுதேசி மையின் உழைப்பும் பொட்டலமும் இந்நாட்டுடையவை, நிறம் அயலூரிலிருந்து வந்தது. அதனால் அந்த முயற்சியின் மதிப்புக் குறைந்துவிடாது. கையில் இருந்ததை வைத்துத்தான் அவர்கள் தொடங்க முடியும்.

வீட்டில் மை கரைப்பது எளிய வேலை போலத் தெரியும். அதிலும் பக்குவம் உண்டு. முதலில் தண்ணீர். உப்புத்தண்ணீரில் கரைத்தால் சாயம் திரிந்து அடியில் வண்டலாக இறங்கும். மழைத்தண்ணீர் உத்தமம்; இல்லையென்றால் கொதிக்கவைத்து ஆறவிட்டுத் தெளிய வைத்த தண்ணீர். பிறகு அளவு. கூடுதல் அடர்த்தி வேண்டுமென்று ஆசைப்பட்டு இன்னொரு சிட்டிகை போட்டால் எழுத்துக் காய்ந்ததும் அந்தப் பொன்வண்டுப் பச்சை தாளில் மினுங்கும்; நிப்பின் பிளவிலும் பொருக்குக் கட்டும். குறைத்துப் போட்டால் கழுவின தண்ணீர் போல வெளிறி, தாளில் ஊறிப் பரவும். கரைத்ததை உடனே ஊற்றக்கூடாது. ராத்திரி முழுக்க அசையாமல் வைத்துவிட்டு, காலையில் மேலாகத் தெளிவை மட்டும் இறுத்து, நைந்த வேட்டித் துணியை நான்காக மடித்து வடிகட்ட வேண்டும். அடியில் தங்கிய கசடு பேனாவுக்கு ஆகாது. தொட்டு எழுதும் கட்டைப்பேனாவுக்குப் போகலாம்.

பல நாள் மூடாமல் விட்டால் புட்டியின் வாயில் பூஞ்சணம் பூக்கலாம். தொழிற்சாலை மையில் இதற்குக் கார்பாலிக் அமிலம் சேர்ப்பார்கள். கிராம்பு எண்ணெய்க்கும் அந்தக் குணம் உண்டு; மேல்நாட்டுப் பழைய மைக் குறிப்புகளில் அது இடம்பெறும்.

அடுத்தது ஊற்றுவது. இந்தியாவில் அந்நாளில் மலிவாகக் கிடைத்த பேனாக்களில் ரப்பர் குழாயும் இல்லை, பிஸ்டனும் இல்லை. கழுத்தைத் திருகிக் கழற்றி, பில்லரால் நேரே உடலுக்குள் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நிறைய மை பிடிக்கும். ஆனால் மரையில் கசியும். மரையில் மெழுகு தடவுவார்கள், இல்லையென்றால் நூல் சுற்றுவார்கள். மை குறையக் குறைய உள்ளே காற்று கூடும். கைச்சூட்டில் அது விரிந்து நிப்பின் வழியாக மையை ஒரே சொட்டாகத் தள்ளும். பரீட்சைத் தாளில் விழும் அந்தச் சொட்டை ஒற்ற சாக்பீஸ் துண்டு பக்கத்திலேயே இருக்கும். பக்கத்துப் பெஞ்சுக்காரனுக்கு மை தீர்ந்தால் இரண்டு சொட்டு கடன் கிடைக்கும். திருப்பித் தருவதும் எண்ணிக்கைப்படிதான்.

பொடி மைக்கு ஒரு குறை இருந்தது. அது நிற்கவில்லை. தண்ணீரில் கரைவதால்தான் அது பேனாவுக்குப் பொருந்தியது. எழுதிக் காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் அதே குணத்தால் மறுபடி கரைந்து ஓடியது. மழையில் நனைந்த நோட்டு மொத்தமும் ஒரே ஊதாக் குளமாகிவிடும். வெயில் படும் சுவரில் ஒட்டிய அறிவிப்பு சில வாரத்தில் வெளுத்துவிடும். ஆகவே பத்திரமும் பதிவேடும் எழுத அலுவலகங்கள் இரும்பு மையை விடவில்லை. எழுதும்போது அந்த மை வெளிறித் தெரியும் என்பதால், உடனே கண்ணுக்குத் தெரிய நீலச் சாயம் சேர்ப்பார்கள். பிறகு காற்றுப் பட்டுக் கறுக்கும். நீலக் கறுப்பு என்ற பெயர் அப்படி வந்தது. பேனாவின் எஃகைக் கெடுக்காத அளவுக்கு இரும்பைக் குறைத்து, நூற்றுக்கு 0.1 பங்கு இரும்புள்ள பவுண்டன் பேனா மைக்கு இந்தியத் தர நிர்ணயத்தில் தனி விதியே உண்டு. நிலப் பத்திரத்துக்கு ஒரு மை, பிள்ளைகளின் கணக்கு நோட்டுக்கு இன்னொரு மை என்ற பிரிவினை இங்கே நெடுநாள் நீடித்தது. அதன் விளைவாகப் பழைய பத்திரங்கள் பழுப்பேறிய எழுத்தோடு இன்றும் கிடைக்கின்றன. ஏழைப் பிள்ளைகள் ஊதாவில் எழுதியது எதுவும் பெரும்பாலும் மிஞ்சவில்லை. எழுத்தறிவு இவ்வளவு பெருகிய ஒரு காலத்தின் கையெழுத்து இவ்வளவு சுலபமாக அழிந்துபோனது வருத்தத்துக்குரிய இழப்பு.

பால்பாயிண்ட் பேனா வந்தபோது கையெழுத்து கெடும் என்று பல பள்ளிகள் அதை உள்ளே விடவில்லை. அந்தத் தடை அதிக காலம் தாங்கவில்லை. எழுதுவதற்கு முன்னால் எதையும் கரைக்கவோ வடிகட்டவோ வேண்டாத ஒரு பொருளோடு பொட்டலம் போட்டியிட முடியாது. பொடி முதலில் போயிற்று, பிறகு பில்லர், பிறகு மைக்கூடு. 1980களின் இறுதியில் சுலேகாவின் தொழிற்சாலையும் மூடியது. 2020இல் சுலேகாவின் பேனா மை மறுபடி வந்தபோது அது ஆசையாக வாங்கி எழுதுகிறவர்களுக்கான பொருளாக மாறியிருந்தது.

கடுக்காயும் அன்னபேதியும் நாட்டு மருந்துக் கடையில் இன்றும் இருக்கின்றன. கொட்டை நீக்கிய கடுக்காயை நொறுக்கி ராத்திரி ஊறவைத்து வடித்தால் மஞ்சள் கலந்த பழுப்புத் தண்ணீர் கிடைக்கும். அதில் இளம்பச்சையான அன்னபேதி ஒரு சிட்டிகை விழுந்த இடத்தில் கறுப்பு பிறந்து கண்ணெதிரே பரவும். கொஞ்சம் வேலம்பிசின் கரைத்துவிட்டு, கட்டைப்பேனாவால் தொட்டு ஒரு வரி எழுதினால், எழுதும்போது சாம்பல் போலத்தான் தெரியும். தாளை அப்படியே மேசைமேல் வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். காலையில் அதே வரி கறுத்திருக்கும்.