கோவூர் கேட்ட அத்தாட்சி

எங்கள் மார்த்தாண்டத்தில் தொடுவெட்டி சந்தைக்குப் போகும் வழியெல்லாம் சுகமளிக்கும் கூட்டத்துப் போஸ்டர்தான். அதை ஒட்டியே ஒரு மாந்திரீகரின் செல்போன் எண். பார்க்கும்போதெல்லாம் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் ஞாபகம் வருவார். அவர் பிறந்த திருவல்லாவும் எங்கள் ஊரும் அன்று ஒரே திருவிதாங்கூர்.

1898-இல் பிறந்தார். அப்பா மார்த்தோமா சபையின் பெரிய பாதிரியார். மகனோ யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் சொல்லிக்கொடுக்கப் போனவர், பிற்பாடு இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்துக்கே தலைவரானார்.

1963-இல் சவால் விட்டார். மோசடிக்கு இடமில்லாமல் அற்புத சக்தியைக் காட்டுகிறவருக்கு ஒரு லட்சம் இலங்கை ரூபாய். எதையெல்லாம் செய்து காட்டலாம் என்று ஒரு பட்டியலும் போட்டார், அதைப் படித்தால் சிரிப்பு வரும். முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் ரூபாய் நோட்டின் எண்ணைச் சொல்லலாம். தீக்கனலில் அரை நிமிஷம் அசையாமல் நிற்கலாம், கால் கொப்புளிக்கக் கூடாது. தண்ணீரைப் பெட்ரோலாக்கலாம், இன்றைய விலைக்கு அந்த ஆள் கிடைத்தால் நானே பணம் தருவேன். போட்டிக்கு வருகிறவர் 1,000 ரூபாய் முன்பணம் கட்டவேண்டும், சும்மா வம்புக்கு வருகிறவர்களை வடிகட்ட. 1978-இல் அவர் இறக்கும்வரை பரிசை யாரும் வாங்கவில்லை.

இதைச் சொன்னால், “கடவுள் இல்லைன்னு நீ நிரூபி பாப்போம்” என்பான் என் மச்சான், பெந்தெகொஸ்துக்காரன். உண்டு என்கிறவன்தானே காட்டவேண்டும் என்பேன். “கடவுள் என்ன, உன் கவருக்குள்ள இருக்க நோட்டா?” என்பான். அது நியாயமான கேள்வி. கோவூரின் சோதனை அற்புதங்களுக்குத்தான், கடவுளுக்கு அல்ல. அவர் கடவுள் இல்லவே இல்லை என்பார். நான் தெரியாது என்பதோடு நிறுத்திக்கொள்வேன். மச்சானுக்கு அது போதவில்லை.