மாயாபுரி: மறக்கப்பட்ட ஒரு கருவியின் வரலாறு

2010 ஏப்ரலில் தில்லி மாயாபுரியின் பழைய இரும்புச் சந்தையில் சிலர் அடுத்தடுத்து நோயுற்றனர். தோல் கருத்தது, முடி உதிர்ந்தது. கோபால்ட்-60 வெளியிட்ட கதிர்வீச்சே காரணம் எனச் சில நாள்களில் தெரியவந்தது. அது எங்கிருந்து வந்தது என்ற தேடல் தில்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் சென்று முடிந்தது.

1960களின் இறுதியில் ஆய்வுக்காகக் கனடாவிலிருந்து வாங்கப்பட்ட 'காமாசெல்' கருவி அது. இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைந்ததோ 1983இல்தான். 1985க்குப் பின் கருவியை எவரும் பயன்படுத்தவில்லை. கால் நூற்றாண்டு கிடந்த பின், 2010 பிப்ரவரியில் பழம்பொருள்களோடு ஏலத்தில் விற்கப்பட்டது. கதிரியக்கப் பொருள்களை அனுமதியின்றி அகற்றலாகாது என்ற விதி 1987 முதலே நடைமுறையில் இருந்தது.

கோபால்ட்-60இன் அரை ஆயுள் சுமார் 5.27 ஆண்டுகள். நாற்பது ஆண்டுகளில் அதன் வீரியம் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். அந்த எச்சமே ஓர் உயிரைப் பறித்தது; மேலும் பலரை மருத்துவமனைக்கு அனுப்பியது. கவசத்தை உடைத்துப் பிரித்த தொழிலாளர்களுக்கு உள்ளே இருப்பது இன்னதென்று சொல்வாரில்லை. மீட்கப்பட்ட துண்டுகள் நரோரா அணுமின் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன.

இங்கே பழுதுபட்டது கருவியன்று. பொறுப்பைக் கைமாற்றித் தரும் வழக்கம். கதிரியக்க மூலத்தை வாங்கும் நாளிலேயே அதைத் திருப்பி அனுப்பும் வழியும் எழுதப்பட வேண்டும். துறையில் ஆள் மாறினாலும் பதிவேடு மாறாதிருக்க வேண்டும்.