மோட்டார் வண்டியின் கூக்குரல்

பொருளைக் காப்பதற்கு மனிதன் கண்ட வழிகள் பல. ஆராய்ந்து நோக்கின் அவை யாவும் இரு வகையுள் அடங்கும். ஒன்று கள்வனைத் தடுத்து நிறுத்துவது. மற்றையது கள்வன் வந்தான் என்று ஊரைக் கூவி எழுப்புவது. மதிலும் பூட்டும் முதல் வகை. காவல் நாயும் மணியும் இரண்டாம் வகை. பூட்டுத் தன் வலிமையையே நம்பி நிற்கும். கூவும் காவலோ அயலவரின் செவியையும் நெஞ்சையும் நம்பி நிற்கும். அயலவர் எழுந்து வாராவிடின் அக்கூக்குரலால் ஆவது ஒன்றுமில்லை. இவ்விரு காவல்களுள் எது சிறந்தது என்ற வினாவுக்கு மோட்டார் வண்டியின் வரலாறு நல்லதொரு விடையைத் தருகின்றது.

மின்சாரத்தைக் காவலுக்கு நிறுத்தும் எண்ணம் மோட்டார் வண்டிக்கும் முற்பட்டது. அமெரிக்காவின் மசாச்சூசெற்ஸ் மாநிலத்தில் வாழ்ந்த அகஸ்தஸ் றசல் போப் என்பவர் 1853ஆம் ஆண்டில் மின்காந்த மணியொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். கதவோ சாளரமோ திறக்கப்பட்டதும் மின்சுற்று இணையும், காந்தம் உயிர்பெறும், சிறு சுத்தியல் மணியை ஓயாது அடிக்கும். 1857இல் எட்வின் ஹோம்ஸ் என்பார் அவ்வுரிமையை விலைக்கு வாங்கி, முதலிற் பொஸ்டனிலும் பின்னர் நியூயோர்க்கிலும் அதனை ஒரு வணிகமாக வளர்த்தார். இக்கால மோட்டார் வண்டியின் கதவைத் திறந்ததும் எழும் ஓலத்துக்கு மூலம் இந்த மணியே.

கார்ல் பென்ஸ் தமது மூன்று சக்கர மோட்டார் வண்டியை 1886இல் உலகுக்குக் காட்டினார். ஹென்றி போர்டின் புகழ்பெற்ற ‘மொடல் ரி’ 1908இல் வெளிவந்தது. முன்னாளைய வண்டிகளை இயக்குவதற்குக் கைபிடிக் கம்பியைச் செருகிச் சுழற்றல் வேண்டும். அஃது உடல் வலிமையை வேண்டும் வேலை. சில வேளை கையை முறித்துவிடுவதும் உண்டு. 1912இல் கடிலாக் வண்டியில் மின்சாரத்தால் எஞ்சினைச் சுழற்றும் பொறி பொருத்தப்பட்டது. உரிமையாளரின் உழைப்பைக் குறைத்த அப்பொறி கள்வனின் உழைப்பையும் உடன் குறைத்தது. வசதியும் ஆபத்தும் ஒரே வாயிலால் நுழைந்தன.

களவாடப்பட்ட குதிரை ஓரிரவில் அதிக தூரம் போகாது. களவாடப்பட்ட மோட்டார் வண்டியோ விடிவதற்குள் மாநில எல்லையைக் கடந்துவிடும். ஒரு மாநிலப் பொலிசாரின் அதிகாரம் அவ்வெல்லையில் முடிந்துவிடும். ஆதலின் 1919இல் அமெரிக்கக் காங்கிரஸ் டயர் சட்டத்தை இயற்றி, களவு வண்டியை மாநில எல்லை கடந்து கொண்டுசெல்வதை மத்திய அரசுக்கு எதிரான குற்றமாக்கியது. 1934 மார்ச் 3ஆந் திகதி இந்தியானா மாநிலத்துக் கிறவுண் பொயின்ற் சிறையிலிருந்து தப்பிய ஜோன் டில்லிஞ்சர், அங்கிருந்த ஷெரிப்பின் வண்டியிலேயே ஏறி இல்லினோய் மாநிலத்துட் புகுந்தான். வங்கிகள் பலவற்றைக் கொள்ளையிட்ட அவனைப் பின்தொடரும் அதிகாரத்தை மத்திய அரசின் துப்பறிவாளருக்கு அளித்தது அந்த ஒரு வண்டியே.

சட்டம் களவின் பின்னாலே ஓடுவது. களவின் முன்னாலே நிற்கும் காவல் யாது? அதற்குரிய நல்ல எடுத்துக்காட்டு எதிர்பாராத இடத்தில், போர்க்காலத்துப் பிரித்தானியாவில், தோன்றியது. 1940இல் ஜேர்மன் படை வந்திறங்கும் என்ற அச்சம் அந்நாட்டை வாட்டியது. வந்திறங்கும் பகைவன் தெருவில் நிற்கும் வண்டியில் ஏறிச் சென்றுவிடலாகாது என்று அஞ்சிய அரசு, வண்டியை விட்டு அகலும் ஒவ்வொருவரும் அதனை இயங்காதவாறு செய்துவிட்டே போதல் வேண்டும் எனக் கட்டளையிட்டது. பலர் எஞ்சினுக்குத் தீப்பொறியைப் பகிர்ந்தளிக்கும் சிறு சுழலியைக் கழற்றிச் சட்டைப்பையிற் போட்டுச் சென்றனர். மணியும் இல்லை, ஓலமும் இல்லை. ஆயினும் அவ்வண்டி அசையாது. இவ்வமைதியான காவலின் அருமை பின்னரே உணரப்பட்டது.

போருக்குப் பின் பூட்டின் காலம் வந்தது. மேற்கு ஜேர்மனி 1963இல் புதிய வண்டிகளுக்கும் பழைய வண்டிகளுக்கும் ஒருங்கே சுக்கான் பூட்டைக் கட்டாயமாக்கியது. வண்டிக் களவு அங்கே பெரிதும் தணிந்தது. பிரித்தானியா 1971இல் அப்பூட்டைப் புதிய வண்டிகளுக்கு மாத்திரம் விதித்தது. புதிய வண்டிகள் தப்பின. ஆனால் கள்வர் பழைய வண்டிகளை நாடினர். எல்லார்க்கும் வழங்கப்படாத காவல் களவை ஒழிப்பதில்லை, இடம் மாற்றுகின்றது என்ற உண்மையை இவ்விரு நாடுகளின் அனுபவம் கற்பித்தது.

அடுத்து வந்தது கூக்குரலின் காலம். 1970களிலும் 1980களிலும் மின்னணுப் பொறிகள் மலிவடைந்தன. அமெரிக்க நகரங்களில் எண்ணற்ற வண்டிகள் அபாய ஒலிக் கருவிகளைப் பூண்டன. 1990ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்தில் மட்டும் ஏறத்தாழ 1,47,000 வண்டிகள் களவுபோயின. ‘உள்ளே வானொலி இல்லை’ என்று கண்ணாடியில் எழுதி ஒட்டிவைத்துக் கள்வரிடம் இரந்து நின்றோரும் அந்நகரில் இருந்தனர். இந்நிலையில் ஓலமிடும் கருவியை மக்கள் விரும்பியதில் வியப்பில்லை. ஆயின் பாரவண்டி கடந்து சென்றாலும் ஓலம். இடி இடித்தாலும் ஓலம். பூனை ஏறினாலும் ஓலம். ‘புலி வருகிறது, புலி வருகிறது’ என்று பொய்யாய்க் கூவிய இடைச்சிறுவனின் கதி அக்கருவிக்கும் நேர்ந்தது. நள்ளிரவில் வண்டி கதறினால், யாரோ களவாடுகின்றான் என்று எண்ணி எழுவாரில்லை. யாருடைய வண்டியோ தொல்லை தருகின்றது என்று சினந்து சாளரத்தை மூடுவாரே மிகுந்தனர். மூன்று நிமிடங்களுக்குள் ஓலம் தானாக அடங்கவேண்டும் என்று அந்நகரம் சட்டஞ் செய்ய நேர்ந்தது. காவலனையே அடக்குவதற்கு ஒரு சட்டம்! காப்புறுதித் துறையின் ஆய்வு நிறுவனமொன்று 1997இல் வெளியிட்ட முடிவும், ஒலிக் கருவி பூண்ட வண்டிகளில் களவிழப்பு ஒட்டுமொத்தமாகக் குறையவில்லை என்றே கூறியது.

கருவி பொய் சொல்வது ஏன்? பெரும்பாலும் அதன் புலன்கள் பழுதுறுவதாலேயே. பொனற்றின் கீழ் ஒரு சிறு சுவிச் உண்டு. அதில் அழுக்கும் துருவும் படிந்தால், மூடியிருக்கும் பொனற்றைத் திறந்திருப்பதாகக் கருவி எண்ணிவிடும். கதவுகளின் சுவிச்சுகளுக்கும் இதே நோய் வரும். பற்றறி தளர்ந்தாலும், அதன் முனைகளில் உப்புப் பூத்தாலும், மின்னழுத்தம் தாழ்வதைக் கண்டு கம்பியை யாரோ அறுக்கின்றனர் என்று மயங்கும் கருவிகள் உள. அதிர்வை உணரும் பொறி அளவுக்கு மீறிக் கூர்மையாக வைக்கப்பட்டிருத்தலும் உண்டு. கண்ணாடி சிறிது திறந்திருக்க, உள்ளே தொங்கும் அலங்காரப் பொருள் காற்றில் அசைந்தாலும், உள்ளசைவை நோக்கும் பொறி அதனைக் கள்வனின் கையென்று கொள்ளும்.

ஓலத்தை அடக்கும் முறையும் அறியத்தக்கதே. கையிலுள்ள ரிமோட்டின் திறக்கும் பொத்தானை அழுத்துவது முதல் வழி. அதன் சிறு மின்கலம் ஓய்ந்திருந்தால், ஓட்டுநர் பக்கக் கதவைத் திறப்பினால் திறந்து, பின் அத்திறப்பை எஞ்சின் பூட்டில் இட்டுத் திருப்பினால், பெரும்பாலான வண்டிகள் தம் உரியவரை அறிந்து அமைதியடையும். திறப்புக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தி இயக்கும் வண்டிகள் பலவற்றில், மின்கலம் ஓய்ந்த ரிமோட்டை அப்பொத்தானின் அருகே பிடித்தல் போதும். பற்றறியின் எதிர்முனையைக் கழற்றுதல் கடைசி வழி. சில ஒலிக் கருவிகள் தமக்கெனத் தனி மின்கலம் உடையனவாதலால் அப்பொழுதும் கதறும். அத்தகைய நிலையில் அறிந்த பொறியாளரை நாடுதலே தகும். ஓலம் அடங்கியதும் வேலை முடிந்துவிட்டதென்று இருத்தலும் ஆகாது. பற்றறி, பொனற் சுவிச், கதவுச் சுவிச்சுகள், அதிர்வுப் பொறி என்று ஒவ்வொன்றாய்ச் சோதித்துப் பழுதை நீக்குதல் உரிமையாளரின் கடமை. ஒரு வண்டி பொய்க்குரல் எழுப்புந்தோறும், உண்மையாகவே களவுபோகும் மற்றொரு வண்டியின் குரலுக்கு மதிப்புக் குறைகின்றது.

கூக்குரல் மதிப்பிழந்த வேளையில், 1940இன் அமைதியான காவல் புதிய உருவத்தில் மீண்டது. 1986இல் செவ்ரொலெற் கோர்வெற் வண்டியின் திறப்பிற் சிறு மின்தடையொன்று பதிக்கப்பட்டது. 15 வகையான தடைகளுள் உரிய தடை அமையாவிடின் எஞ்சின் சுழலாது. பின்னர் திறப்பின் தலையினுள் கண்ணுக்குத் தெரியாத மின்னணுச் சில்லு குடியேறியது. பூட்டைச் சுற்றியுள்ள சுருள் வினாவ, அச்சில்லு விடை சொல்லும். விடை பிழையாயின் எஞ்சின் இயங்க மறுத்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 1998இலும், அவுஸ்திரேலியா 2001இலும், கனடா 2007இலும் இத்தகைய இயக்கத் தடையைப் புதிய வண்டிகளுக்குக் கட்டாயமாக்கின. ஒல்லாந்தின் அனுபவத்தை ஆராய்ந்த பொருளியலாளர் இருவர், 1995 முதல் 2008 வரையுள்ள காலத்தில் இக்கருவி வண்டிக் களவைச் சராசரியாக 40 சதவீதமளவு குறைத்தது என 2016இல் எழுதினர்.

அமெரிக்கா இதனைச் சட்டமாக்கவில்லை. அதன் விளைவு பின்னர் வெளிப்பட்டது. 2011 முதல் 2021 வரை அங்கு விற்கப்பட்ட கியா, ஹியூண்டாய் வண்டிகள் பலவற்றில் இயக்கத் தடை இல்லை. அவற்றை எளிதில் இயக்கும் முறை 2022இல் சமூக ஊடகங்களில் இளைஞரிடையே பரவியது, களவு பெருகியது. குறைந்தது எட்டுப் பேர் உயிரிழந்தனர் என்று அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2023 பெப்ரவரியில் அறிவித்தது. ஏறத்தாழ 83 இலட்சம் வண்டிகளுக்குத் திருத்தம் வழங்கப்பட்டது. அத்திருத்தம் இரண்டு செய்தது: அபாய ஒலியை அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடமாக நீட்டியது, திறப்பு உள்ளே இல்லாமல் வண்டி இயங்குவதைத் தடுத்தது. கூவும் காவலும் தடுக்கும் காவலும் மீண்டும் அருகருகே நிறுத்தப்பட்டன.

இவற்றுள் ஒன்றை முற்றாகத் தள்ளிவிடல் தகுமா? தகாது. தடை கள்வனின் கையைக் கட்டும். குரல் மனிதரின் மனத்தைத் தட்டும். ஆயினும் தடைக்குத் தேவை நல்ல பொறி. குரலுக்குத் தேவை நம்பிக்கை. பொறி கெட்டால் பணங் கொடுத்து மாற்றிவிடலாம். நம்பிக்கை கெட்டால் அதனை விற்கும் கடை எங்குமில்லை. தன் வண்டியைப் பொய் கூவாது பேணுகின்றவன் தன் உடைமையை மட்டுமன்றி, அயலவன் ஒருவன் உண்மையிலேயே அபயக்குரல் எழுப்பும் நாளில் ஊர் எழுந்து வரும் அந்த நல்ல வழக்கத்தையும் காக்கின்றான்.