தெய்வமாயிருந்த பாம்பு

மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் என்றொரு நாடு உண்டு. 1975ஆம் ஆண்டு வரை அதற்குத் தகோமே என்று பெயர். அந்நாட்டின் கடற்கரையை அடுத்த உவீதா என்னும் ஊரில், பெரிய கிறிஸ்தவ தேவாலயம் ஒன்றுக்கு எதிரே, பாம்புகளுக்கென்றே ஒரு கோயில் இருக்கிறது. உள்ளே விக்கிரகத்தைத் தேடுகிறவர் ஏமாந்து போவார். சிறு அறையொன்றில், ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு, மலைப்பாம்புகள் உறங்கிக்கொண்டிருக்கும். அவற்றை அவ்வூரார் டாங்பே என்னும் தெய்வத்தின் வடிவமாகக் கொண்டு பல நூற்றாண்டுகளாகப் பேணி வருகின்றனர். இன்று உலகெங்கும் வீடுகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் வளர்க்கப்படும் அரச மலைப்பாம்பு இதுவேதான். கோயிலிலிருந்து கண்ணாடிப் பெட்டிக்கு அது வந்து சேர்ந்த வரலாற்றையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

மலைப்பாம்பு என்றதும் ஆட்டை விழுங்கும் பெரும் பிராணியை நினைக்கவேண்டா. இது நான்கைந்து அடி நீளமே வளர்வது, நஞ்சற்றது. அச்சுற்றால் தலையை நடுவே மறைத்துக்கொண்டு உடலை இறுகச் சுருட்டிக்கொள்ளும். அதனால் ஆங்கிலத்தில் இதற்குப் 'பந்துப் பாம்பு' என்றும் பெயர் உண்டு. செனகல் தொடங்கிக் கிழக்கே உகாண்டா வரையுள்ள புல்வெளி நாடுகள் இதன் தாயகம். பகலில் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பதுங்கியிருந்து, இரவில் இரைதேடிப் புறப்படும். எலியே இதன் முக்கிய உணவு. தானியத்தை நம்பி வாழும் குடியானவன் எலியைத் தின்னும் சாதுவான பாம்பைக் கையெடுத்துக் கும்பிட்டான் என்றால், அதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது?

உவீதா அக்காலத்தில் தனி அரசாக இருந்தது. அங்கு வணிகம் செய்த வில்லெம் பாஸ்மன் என்ற டச்சுக்காரர் 1704இல் வெளியிட்ட நூலில் இவ்வழிபாட்டை விரிவாக எழுதியிருக்கிறார். பாம்பைக் கொன்றவனுக்கு, அவன் வெள்ளையனே ஆயினும், உயிர் தப்பாது என்கிறார். அவர் கூறும் நிகழ்ச்சி ஒன்று சுவையானது. 1697ஆம் ஆண்டில் ஒரு பன்றியைப் பாம்பு கடித்துவிட, பன்றி அதைப் பிடித்துத் தின்றுவிட்டது. பூசாரிகள் அரசனிடம் முறையிட்டனர். நாட்டிலுள்ள பன்றிகளையெல்லாம் கொல்லும்படி ஆணை பிறந்தது. வாளும் தடியுமாக ஒரு கூட்டம் கிளம்பிற்று. தம் பன்றிகள் குற்றமற்றவை என்று உடையவர்களும் ஆயுதத்துடன் எதிர்த்து நின்றனர். பல பன்றிகள் மாண்டபின், பழிக்குப் பழி போதும் என்று அரசன் ஆணையை நிறுத்தினானாம். பாஸ்மன் அடிமை வணிகம் நடத்திய கும்பினியின் ஊழியர். அவர் எழுத்தில் ஏளனம் மிகுதி. மனிதரை விலைபேசி வாங்கியவர் பாம்பைக் கும்பிட்டவரைப் பார்த்து நகைத்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

1727ஆம் ஆண்டு அவ்வரசுக்கு முடிவு வந்தது. வடக்கிலிருந்து தகோமே மன்னன் அகாஜா படையெடுத்து வந்தான். வழியில் ஓர் ஆறு இருந்தது. சில நூறு வீரர் நின்றால் போதும், பெரும் படையையும் அங்கே தடுத்துவிடலாம். உவீதா மக்களோ வீரரை நிறுத்தவில்லை. காலையும் மாலையும் ஆற்றங்கரைக்குச் சென்று பாம்புத் தெய்வத்துக்குப் படையலிட்டுத் திரும்பினர். அகாஜாவின் படை தடையின்றி ஆற்றைக் கடந்தது. தலைநகர் எரிந்தது, மன்னன் ஹஃபோன் ஓடிப்போனான். போர் முடிந்த சில வாரங்களில் அங்கு வந்திறங்கிய வில்லியம் ஸ்னெல்கிரேவ் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவர், வென்ற வீரர்கள் வீடுகளிலிருந்த பாம்புகளைத் தூக்கிப் பிடித்து, தெய்வமானால் வாய்திறந்து பேசித் தம்மைக் காத்துக்கொள்ளட்டும் என்று சொல்லி, தலையை வெட்டித் தீயில் வாட்டித் தின்றனர் என்று எழுதியிருக்கிறார்.

இதைப் படிப்பவர், மூட நம்பிக்கையால் ஒரு நாடு அழிந்தது என்று முடிவு கட்டிவிடுவது வழக்கம். எனக்கு அது சரியாகத் தோன்றவில்லை. ஹஃபோனுக்கும் அவனுடைய சிற்றரசர்களுக்கும் பல ஆண்டுகளாகவே பகை முற்றியிருந்தது. ஆபத்து வந்தபோது அவனுக்காகப் போரிட அவர்களிற் பலர் முன்வரவில்லை. காவலுக்கு ஆள் இல்லாத கரையில்தான் பாம்பு தனியே நின்றது. பழியைப் பாம்பின்மேல் போடுவது எளிது. இதைவிட வியப்பு என்னவென்றால், தின்று தீர்த்த தகோமே அரசே பின்னர் அவ்வழிபாடு தொடர்ந்து நடக்க இடங்கொடுத்தது. மண்ணை ஆளவேண்டுமானால் மண்ணின் தெய்வத்தோடு சமாதானமாகப் போகவேண்டும் என்பதை அவ்வரசர் உணர்ந்திருக்கவேண்டும்.

உவீதாத் துறைமுகத்திலிருந்து மொத்தம் பத்து இலட்சம் பேருக்கு மேல் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர் என்று வரலாற்றாசிரியர் கணக்கிடுகின்றனர். கையில் ஒன்றும் கொண்டுபோக முடியாத அம்மக்கள் தம் தெய்வங்களை நெஞ்சில் கொண்டுபோயினர். ஹெயிட்டித் தீவில் இன்றும் தம்பாலா என்ற பாம்புத் தெய்வம் வணங்கப்படுகிறது.

ஐரோப்பிய அறிவுலகத்துக்கு இப்பாம்பு முதலில் படமாகவே போய்ச் சேர்ந்தது. ஆம்ஸ்டர்டாமில் மருந்து வணிகராயிருந்த ஆல்பெர்ட்டஸ் ஸேபா பதினெட்டாம் நூற்றாண்டில் வெளியிட்ட செப்புத்தகட்டுச் சித்திரங்களில் இது இடம்பெற்றது. 1802இல் ஆங்கில இயற்கை நூலார் ஜார்ஜ் ஷா இதற்கு 'ரெஜியா' என்று இலத்தீனில் பெயர் சூட்டினார். அரசருக்கு உரியது என்பது பொருள்.

வளர்ப்புப் பிராணியாக இது பெருவாரியாக ஏற்றுமதியானது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். டோகோ, கானா, பெனின் ஆகிய நாடுகளிலிருந்து 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட பாம்புகள் சென்றிருக்கின்றன. சினைப் பெண் பாம்புகளையும் முட்டைகளையும் வளைகளிலிருந்து தோண்டியெடுத்துக் குஞ்சு பொரிக்கவைத்து அனுப்புவது அங்கே ஒரு தொழிலாயிற்று. ஒரு பாம்பு ஓர் ஈட்டுக்கு இடுவது ஏறத்தாழ மூன்று முதல் பதினொரு முட்டைகளே. தாய் அவற்றைச் சுற்றிக்கொண்டு இரண்டு மாதம் உண்ணாமல் காத்திருக்கும்.

1992இல் அமெரிக்காவில் ஒருவர் வெண்ணிறமும் மஞ்சளும் கொண்ட பிறவியொன்றின் நிறம் வழிவழி வருவது எனக் குஞ்சுகளைப் பெற்றுக் காட்டினார். அதன்பின் புதிய நிறங்களுக்கும் கோலங்களுக்கும் போட்டி எழுந்தது. இங்கேதான் புகைப்படக் கருவி நம் கதைக்குள் நுழைகிறது. பாம்பை விற்பவர் படத்தையே விற்கிறார். இதைப் படம் பிடிப்பது எளிதன்று; வெளிச்சத்தில் வைத்தவுடன் பந்தாகிவிடும். சிறிது நேரம் கிண்ணத்தால் மூடி இருட்டில் விட்டு, அமைதியடைந்ததும் மெல்லத் தூக்கிப் படமெடுப்பர். தோலுரித்த மறுநாள் நிறம் துலங்கும் என்பதால் அந்நாளுக்குக் காத்திருப்பர். செதில்களில் ஒளி பட்டுப் பளிச்சிடாதிருக்க விளக்குக்கு வெண்துணி கட்டுவர். இவையெல்லாம் பொறுமையுள்ளவர்க்கு நல்ல கலையே. ஆயினும் 'சிலந்தி' என்று பெயரிடப்பட்ட ஒரு கோலத்தைப் பற்றிச் சொல்லாமலிருக்க முடியவில்லை. அழகிய மெல்லிய கோடுகளை உடைய அவ்வினத்துக்குப் பிறவியிலேயே நரம்புக் கோளாறு உண்டு. தலை நிலைகொள்ளாமல் ஆடும், இரையைக் குறிபார்த்துக் கொத்தத் தடுமாறும். படத்திலோ அசைவு தெரிவதில்லை. கோடுகள் மட்டுமே தெரியும். பிரிட்டனில் ஒரு சங்கம் 2018இல் தன் கண்காட்சிகளில் அவ்வகையை விற்பதற்குத் தடை விதித்தது.

காட்டில் இப்பாம்பு, அழியும் நிலையை நெருங்கிவரும் இனமாகக் கணிக்கப்பட்டுள்ளது. வணிகமோ திசைமாறி நம் வாயிலுக்கும் வந்துவிட்டது. 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்த, உரிமை கோருவாரற்ற பெட்டிகளில் இவ்வினப் பாம்புகள் 45 கண்டெடுக்கப்பட்டன. வந்த வழியே அவை திருப்பி அனுப்பப்பட்டன.

கூண்டில் இது நெடுநாள் வாழும். உணவை மாதக்கணக்கில் மறுத்து உடையவரைக் கலங்கவைக்கும். பின்பு ஒருநாள் ஒன்றும் நடவாததுபோல் உண்ணும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகர மிருகக்காட்சிசாலைக்கு 1961இல் தனியார் ஒருவர் கொடுத்த பெண் பாம்பு அங்கேயே முதுமையடைந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அது ஆண் பாம்பின் முகம் கண்டதில்லை. 2020 ஜூலையில், அறுபது வயதைக் கடந்த அக்கிழவி ஏழு முட்டைகள் இட்டு, அவற்றைச் சுற்றிக்கொண்டு படுத்திருந்தது.